"மூளை சுருங்கியிருக்குன்னு போட்டிருக்காங்களே?": ஸ்கேன் கவரோடு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வைத்தியம் பார்ப்பவன் இல்லை. ஆனாலும் சொந்தத்திலோ தெருவிலோ யாருக்காவது தலையில் ஸ்கேன் எடுத்தால், அந்தப் பெரிய கவர் மறுநாள் என் வீட்டு மேசைக்கு வந்துவிடும். டாக்டரிடம் கேட்க நேரமில்லை, கேட்கத் தோன்றவில்லை, கேட்டது புரியவில்லை. மூன்றில் ஒன்று. ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் எழுதியே வைத்துவிட்டேன். மருந்து, சிகிச்சைக்கு உங்கள் நரம்பியல் மருத்துவர் இருக்கிறார். மூளையில் எங்கே, என்ன, எப்படி மாறுகிறது என்பது மட்டும்தான் என் சரக்கு.

"மூளை உள்ளே எப்படிங்க இருக்கும்? வால்நட் மாதிரியா?"

பார்வைக்கு வால்நட்தான். தொட்டால் இல்லை. மருந்தில் ஊறவைத்து இறுகச் செய்யாத மூளை, சரியாக உறையாத தயிர்க்கட்டி மாதிரி கையில் நிற்காது. பெரியவர்களுக்கு 1,300 முதல் 1,400 கிராம் எடை. மேலே தெரியும் மேடு பள்ளமெல்லாம் புறணியின் மடிப்புகள். இந்தப் புறணியின் தடிமன் வெறும் 2 முதல் 4 மில்லிமீட்டர். நரம்பு செல்கள் நெருக்கமாக இருப்பதால் இது சாம்பல் நிறம். அதற்கடியில் செல்லுக்குச் செல் செய்தி கொண்டுபோகும் இழைக் கற்றைகள். கொழுப்பு உறை போர்த்தியிருப்பதால் வெள்ளை. நட்டநடுவே நீர் நிரம்பிய நான்கு அறைகள். இந்த நீரறைகளை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். அதில் ஐந்தில் நான்கு பங்கு பின்தலைக்குக் கீழே இருக்கும் சிறுமூளையில் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நேரில் பார்க்க ஆசையிருந்தால் பெங்களூரு நிம்ஹான்ஸில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. பொதுமக்களும் போகலாம்.

"சிதைவு நோய், வளர்ச்சிக் குறைபாடுன்னு ரெண்டா பிரிக்கிறாங்களே. ரெண்டும் மூளைக் கோளாறுதானே?"

தறியை நினைத்துக்கொள்ளுங்கள். நெய்து முடித்து, பல வருஷம் கட்டிய சேலை ஒரு மடிப்பில் இற்றுப்போகிறது. அது சிதைவு: அல்சைமர், பார்க்கின்சன், ஹன்டிங்டன் போன்றவை. இன்னொரு சேலையில் பாவு ஓட்டும்போதே இழைகள் வேறு வரிசையில் அமைந்துவிட்டன. சேலை கிழியவில்லை, நெசவுதான் வேறு. ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனம் நிற்காமல் துறுதுறுப்பது), டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்) எல்லாம் இந்த இரண்டாவது வகை. முன்னதில் இருந்த செல்கள் சாகின்றன. பின்னதில் செல்கள் பிறப்பதும் இடம்பெயர்வதும் இணைவதும் வேறு வேகத்தில், வேறு ஒழுங்கில் நடக்கின்றன.

நெசவு எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது தெரியுமா? ஐந்தாம் மாதத்துக் கருவின் மூளை உரித்த முட்டை மாதிரி ஏறக்குறைய வழவழவென்றுதான் இருக்கும். பெரும்பாலான மடிப்புகள் அதற்கப்புறம்தான் விழுகின்றன. ஆனால் செல்கள் பிறந்து தங்கள் இடத்துக்கு நகர்வது அதற்குள் பெருமளவு நடந்துவிடும். இந்தக் காலத்துக் கரு மூளைகளை மெல்லிய சீவல்களாக்கிப் படமெடுத்து, சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. 5,132 சீவல்கள். முன்மூளை முதிர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். இருபது வருஷத்துக்கு மேல் ஓடும் நெசவு அது.

"அம்மாவுக்கு 76 வயசு. கீழே விழுந்ததுக்கு ஸ்கேன் எடுத்தா, 'வயது சார்ந்த மூளைச் சுருக்கம்'னு எழுதியிருக்கு. டிமென்ஷியாவா?"

என்னிடம் வரும் கவர்களில் பாதி இந்தக் கேள்விதான். அந்த வரியை மட்டும் வைத்து டிமென்ஷியா, அதாவது நினைவும் அன்றாட வேலைத் திறனும் குறைந்துகொண்டே போகும் நிலை, என்று சொல்லவே முடியாது. அறுபதுக்கு மேல் யாருக்கும் மூளை வருஷத்துக்கு அரை சதவீதம் அளவில் சுருங்கும். மடிப்புகளுக்கு இடையே பள்ளம் அகலும், நீரறைகள் கொஞ்சம் பெரிதாகும். எனக்கும் ஸ்கேன் எடுத்தால் அதே வரியைத்தான் எழுதுவார்கள். முடி நரைத்திருக்கிறது என்று எழுதுவது மாதிரி.

இந்தியாவில் அறுபதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக நாடு தழுவிய ஆய்வு ஒன்று 2023இல் மதிப்பிட்டது. சுருக்கம் எல்லோருக்கும் வருகிறது. நோய் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு. அறிக்கையைவிட அம்மா எப்படி இருக்கிறார் என்பது முக்கியம். தானே கணக்குப் பார்த்துப் பால்காரருக்குப் பணம் கொடுக்கிறாரா? சமையலில் வரிசை தவறுகிறதா? டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார், கேட்க வேண்டும்.

"அப்போ அல்சைமர்ல மட்டும் என்ன வித்தியாசம்? அதுவும் சுருங்கறதுதானே?"

வேகமும் இடமும் வித்தியாசம். காதுக்கு உட்புறமாக, பொட்டு மடலுக்குள் மடங்கிக் கிடக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற சின்னப் பகுதியைக் கவனியுங்கள். கடல்குதிரை வடிவில் இருப்பதால் கிரேக்க மொழியில் அந்தப் பெயர். புதிய நினைவுகள் பதிவாவதற்கு அதுதான் வாசல். நல்ல உடல்நிலையுள்ள முதியவருக்கு அது வருஷத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை சதவீதம் சுருங்கினால், அல்சைமரில் நான்கு முதல் ஐந்து சதவீதம்.

கதை 1901இல் தொடங்குகிறது. ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் அகுஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை மனநல விடுதியில் சேர்த்தார்கள். தன் பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவார். 1906இல் அவர் இறந்த பிறகு, டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் அவருடைய மூளையைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவுகள். செல்களுக்குள்ளே முறுக்கிக்கொண்ட நூல்கள். படிவு அமிலாய்டு, முறுக்கு டாவ். இரண்டும் புரதங்கள் என்று தெரியவே பல பத்தாண்டுகள் பிடித்தன.

1991இல் ஹைக்கோ பிராக், ஈவா பிராக் என்ற கணவன் மனைவி இருவரும் பல மூளைகளை ஒப்பிட்டு, டாவ் முறுக்குகள் ஒரு வரிசையில் பரவுகின்றன என்று ஆறு கட்டங்களாகக் காட்டினார்கள். முதலில் ஹிப்போகேம்பஸின் வாசற்படி, அடுத்து ஹிப்போகேம்பஸ், பிறகு மேலேறிப் புறணி முழுக்க. பார்வையும் தொடு உணர்ச்சியும் முதலில் வந்துசேரும் பகுதிகள் கடைசியில்தான் பாதிக்கப்படும். இன்னொன்று: அமிலாய்டு சேர ஆரம்பித்துப் பதினைந்து இருபது வருஷம் கழித்துத்தான் மறதி வெளியே தெரிகிறது. "போன மாசம்தான் ஆரம்பிச்சது" என்று சொல்பவர்களிடம் நான் இதைச் சொல்வதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

"பாட்டிக்குத் தன் கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்கன்னு தெரியுது. காலையில சாப்பிட்டது தெரியலை. நடிக்கிறாங்களோ?"

நடிப்பில்லை. மேலே சொன்ன வரிசைதான். புதிதாகப் பதிவதற்கான வாசல் அடைபட்டுவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே பதிந்த நினைவுகள் புறணியில் பரவலாகத் தங்கிவிட்டன. அங்கே நோய் இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. காலை இட்லி உள்ளே பதியவே இல்லை, அதனால் மறக்கவும் இல்லை. "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று வாதாடுவது வீண்.

"அப்பாவுக்குக் கை நடுக்கம். பார்க்கின்சன்னு மாத்திரை ஆரம்பிச்சாச்சு. ஆனா எம்.ஆர்.ஐ. நார்மல். தப்பா கண்டுபிடிச்சிட்டாங்களா?"

தப்பில்லை. பார்க்கின்சனில் சாதாரண எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். பாதிக்கப்படும் இடம் அவ்வளவு சின்னது. மூளைத்தண்டின் மேற்பகுதியைக் குறுக்காக வெட்டினால் இரண்டு பக்கமும் மை தீட்டியது மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரியும். கரும்பொருள் என்று பெயர். உடலசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தயாரிக்கும் செல்கள் அங்கேதான். தயாரிப்பின் கழிவாகச் சேரும் நிறமிதான் அந்தக் கறுப்பு. பார்க்கின்சன் வந்தவருடைய மூளையில் அந்த மை கலைந்திருக்கும். பரிசோதனை மேசையில் வைத்து மாணவர்களுக்கு நான் காட்டியவற்றில், வெறும் கண்ணுக்கே இவ்வளவு பளிச்சென்று தெரிந்த நோய் வேறு இல்லை. செத்த பிறகு கண்ணுக்குத் தெரிவது, உயிரோடு இருக்கும்போது சாதாரண ஸ்கேனில் தெரிவதில்லை.

லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நோயை விவரித்தார். கரும்பொருள்தான் இடம் என்று தெரிய 1919 ஆயிற்று. சாகும் செல்களுக்குள் உருண்டையாகத் தெரியும் லூயி உருண்டைகளில் இருப்பது ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் என்று 1997இல் கண்டுபிடித்தார்கள். நடுக்கம் தெரியும் நேரத்தில் அங்கே பாதி செல்கள் போயிருக்கும். வாசனை தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கத்திக் கை கால் வீசுவது இவையெல்லாம் சிலருக்குப் பல வருஷம் முன்னாலேயே வருவதற்குக் காரணம், நோய் மூளைத்தண்டின் இன்னும் கீழேயும் மோப்ப நரம்புப் பக்கத்திலும் முதலில் தலைகாட்டுவதுதான் என்று ஒரு கருத்து உண்டு. எல்லா நோயாளிக்கும் அது பொருந்துவதில்லை. சந்தேகம் இருந்தால் டோபமைன் நரம்பு முனைகளைக் காட்டும் ட்ரோடாட் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். எல்லோருக்கும் தேவையில்லை.

சரி, எம்.ஆர்.ஐ. ஏன் எடுத்தார்கள்? கட்டி, ரத்தக்கசிவு, சின்னச் சின்னப் பக்கவாதம் இல்லை என்று உறுதி செய்ய. "நார்மல்" என்று வந்தால் அந்த வேலை முடிந்தது என்று அர்த்தம்.

"மறதியே இல்லீங்க. ஆனா ஆளே மாறிட்டார். கண்டபடி செலவு, கல்யாண வீட்ல அசிங்கமா பேச்சு. 56 வயசுதான் ஆகுது."

இதை அக்கம்பக்கத்தார் "கெட்ட சகவாசம்" என்பார்கள், சிலர் செய்வினை என்று கிளம்புவார்கள். ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டு அப்புறம் எதை வேண்டுமானாலும் யோசியுங்கள். முன்மடலும் பொட்டு மடலின் முன்பகுதியும் சுருங்கும் டிமென்ஷியா ஒன்று இருக்கிறது. பிராக் நகரத்து டாக்டர் ஆர்னால்டு பிக் 1892இலேயே இப்படி ஒருவரை விவரித்தார். 45 முதல் 65 வயதுக்குள் வருவது அதிகம். முற்றிய நிலையில் மடிப்புகள் கத்தி விளிம்பு மாதிரி மெலிந்திருக்கும். அதே மூளையில் பின்பாதி நன்றாகவே இருக்கும். ஹிப்போகேம்பஸ் ஆரம்பத்தில் பெரும்பாலும் தப்பிவிடுவதால் தேதி, வழி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். போவது அடக்கமும் அனுதாபமும். அதனால்தான் குடும்பம் இதை நோய் என்று புரிந்துகொள்ளவே நாளாகிறது.

"தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு வந்தது. எனக்கும் வருமா?"

எந்த நோய் என்பதைப் பொறுத்தது. ஹன்டிங்டன் என்றால் நேர் கணக்கு: பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. வெனிசுலாவின் மராக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்களின் துணையோடு 1993இல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். நீரறைக்குள் புடைத்துக்கொண்டிருக்கும் காடேட் என்ற முடிச்சு தட்டையாகிவிடும்; கை கால் ஆட்டம் தொடங்கப் பத்து வருஷம் முன்பே அளந்து பார்த்தால் தெரியும்.

அல்சைமர், பார்க்கின்சன் பெரும்பாலானவர்களுக்கு அப்படி நேராக வருவதில்லை. வாய்ப்புக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 60 வயதுக்கு முன்பே தலைமுறை தலைமுறையாக வரும் சில குடும்பங்கள் விதிவிலக்கு. அவர்கள் மரபியல் ஆலோசனை கேட்பது நல்லது.

"மறதி, நடை தடுமாறுது, பாத்ரூம் போறதுக்குள்ள சிறுநீர் போயிடுது. ஸ்கேன்ல 'நீரறை பெருசா இருக்கு'ன்னு இருக்கு. வயசாயிடுச்சுன்னு விட்டுடலாமா?"

விட்டுவிடாதீர்கள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், அதுவும் கால் தரையில் ஒட்டிக்கொண்டது மாதிரி நடை முதலில் கெட்டிருந்தால், நார்மல் பிரஷர் ஹைட்ரோசெஃபலஸ் என்ற நிலையா என்று பார்க்க வேண்டும். மூளை சுருங்கினாலும் நீரறை பெரிதாகத் தெரியும், நீர் வடியாமல் தேங்கினாலும் பெரிதாகத் தெரியும். இரண்டும் ஒன்றல்ல. நீர்த் தேக்கத்தில் உச்சந்தலைப் பக்கத்து மடிப்புகள் நெருக்கமாக அமுங்கியிருக்கும், சுருக்கத்தில் அகன்றிருக்கும். கொலம்பியா நாட்டு அறுவை நிபுணர் சாலமோன் ஹாக்கிமும் ரேமண்ட் ஆடம்ஸும் 1965இல் இதை எழுதினார்கள். ஒரு குழாய் வைத்து நீரை வயிற்றுக்குள் வடியவிட்டால் பலருக்கு நடை தேறுகிறது.

பி12 குறைபாடு, தைராய்டு குறைவு, லேசாக அடிபட்டு வாரக்கணக்கில் மெல்லக் கசிந்து சேர்ந்த ரத்தம் இவையும் டிமென்ஷியா வேஷம் போடும். சரிசெய்யக்கூடியவை. என் உறவினர் ஒருவரை ஒரு மருத்துவமனையில் ஒன்பது மாதம் "வயசுக் கோளாறு" என்றே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்; பி12 பார்த்தபோது அதலபாதாளத்தில் இருந்தது.

"ஆட்டிசம் இருக்கிற குழந்தைக்கு மூளை சின்னதா இருக்குமா?"

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சராசரியை எடுத்தால் நேர்மாறு: முதல் ஒன்றிரண்டு வருஷங்களில் சில குழந்தைகளுக்கு மூளை எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெரிதாகிறது. ஏற்கெனவே ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் கைக்குழந்தைகளை அமெரிக்காவில் தொடர்ந்து ஸ்கேன் செய்தார்கள். முடிவு 2017இல் வந்தது. பின்னாளில் ஆட்டிசம் என்று உறுதியானவர்களிடம் 6 முதல் 12 மாதத்துக்குள் புறணியின் பரப்பு வேகமாக விரிந்திருந்தது. இரண்டாம் வருஷத்தில் மூளையின் கன அளவும் மிஞ்சியது. அதாவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையே என்று வீட்டில் கவலைப்பட ஆரம்பிக்கும் முன்பே மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது.

ஏன் பெரிதாகிறது? குழந்தை மூளை தேவைக்கு மேல் இணைப்புகளை உண்டாக்கி, பிறகு வேண்டாததைக் கழித்துவிடும். நாற்றங்காலில் நெருக்கமாக விதைத்துக் களைந்துவிடுகிற மாதிரி. இறந்துபோன பிள்ளைகளின் பொட்டு மடலை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், குழந்தைப் பருவத்திலிருந்து வளரிளம் பருவத்துக்குள் மற்றவர்களிடம் இணைப்பு முட்கள் (செல்லின் கிளைகளில் இணைப்பு விழும் சின்னப் புடைப்புகள்) ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. ஆட்டிசம் உள்ளவர்களிடம் குறைந்தது 16 சதவீதம்தான். சத்தம், வெளிச்சம், சட்டைக் காலரின் உரசல் எல்லாம் ஒரே நேரத்தில் தாங்கமுடியாமல் வந்து மோதுகிற அவஸ்தைக்கும் இதற்கும் தொடர்பிருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். என்றாலும் அந்த ஆய்வில் பார்த்த மூளைகள் கொஞ்சம்தான்.

"அப்போ ஒரு ஸ்கேன் எடுத்து ஆட்டிசம் இருக்கா இல்லையான்னு உறுதி பண்ணிடலாமே?"

முடியாது. மேலே சொன்னதெல்லாம் நூறு குழந்தைகளின் சராசரியையும் இன்னொரு நூறு குழந்தைகளின் சராசரியையும் ஒப்பிட்டது. ஆட்டிசம் உள்ள பெரும்பாலான குழந்தைகளின் எம்.ஆர்.ஐ. நார்மல் என்றுதான் வரும். ஆண்களின் சராசரி உயரம் பெண்களைவிட அதிகம் என்பதை வைத்து, எதிரில் நிற்கும் ஐந்தரை அடி ஆள் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? அது மாதிரிதான். வலிப்பு, தலைச்சுற்றளவில் அசாதாரணம், கை கால் பலவீனம் இருந்தால் டாக்டர் ஸ்கேன் கேட்பார். அது வேறு காரணம். "மூளை மேப்பிங்" என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு வண்ணப்படம் தரும் இடங்களுக்கு நான் யாரையும் அனுப்பமாட்டேன்.

"பையனுக்கு ஏடிஹெச்டி. மூளை லேட்டா வளருதுன்னு டாக்டர் சொன்னாங்க. அப்போ மந்தமா?"

லேட் என்பது வேறு, மந்தம் என்பது வேறு. குழந்தையின் புறணி ஒரு குறிப்பிட்ட வயதுவரை தடித்து, உச்சம் தொட்டு, பிறகு மெலியும். ஆட்டிசம் பதிலில் சொன்ன களைதல்தான் இந்த மெலிவு. அது முதிர்ச்சியின் அடையாளம். அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஃபிலிப் ஷா குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், மற்ற பிள்ளைகள் சராசரி ஏழரை வயதில் தொட்ட உச்சத்தை ஏடிஹெச்டி பிள்ளைகள் பத்தரை வயதில் தொட்டார்கள். பின்னடைவு அதிகம் தெரிந்தது கவனத்தையும் அடக்கத்தையும் கவனிக்கும் முன்மூளையில். ஆனால் எந்தப் பகுதிக்குப் பின் எந்தப் பகுதி என்ற வரிசை மாறவில்லை. உடலசைவைக் கவனிக்கும் பகுதி மட்டும் இவர்களிடம் கொஞ்சம் முந்திக்கொண்டது! எஞ்சின் தயார், பிரேக் இன்னும் மாட்டவில்லை என்று பெற்றோரிடம் சொல்வேன்.

2017இல் பல நாடுகளிலிருந்து 3,200க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்ததில், மூளையின் உட்புற முடிச்சுகள் சிலவற்றின் அளவில் மிகச் சிறிய வித்தியாசம் தெரிந்தது. குழந்தைகளிடம் தெரிந்த அது பெரியவர்களிடம் தெரியவில்லை.

"படிக்க வராத பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்தா மூளை மாறுமா?"

மாறுகிறது. டிஸ்லெக்சியாவில் இடது மூளையில், எழுத்தையும் ஒலியையும் சேர்த்துவைக்கும் பகுதிகளும் அவற்றை இணைக்கும் வெண்பொருளும் (முதலில் சொன்ன வெள்ளை இழைக் கற்றைகள்) சற்று வேறு மாதிரி அமைந்திருக்கும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு 100 மணி நேரம் வாசிப்புப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பும் மேம்பட்டது, இடது முன்மூளையின் வெண்பொருள் தரமும் கூடியது. அது 2009. மாத்திரையில்லை, ஊசியில்லை, ஒரு நல்ல டீச்சர்.

"ஒன்றரை வயசு வரைக்கும் நல்லா பேசிட்டிருந்தது. அப்புறம் பேச்சே நின்னு போச்சு. இருந்தது போனா அது சிதைவுதானே?"

நல்ல கேள்வி. இரண்டாவது பதிலில் நான் போட்ட கோட்டைக் குழப்புகிற கேள்வி. வந்த திறமை போவதாலேயே செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று ஆகாது. ஆட்டிசத்தில் கணிசமான குழந்தைகள் இப்படி ஓரிரு சொற்களை இழக்கிறார்கள்; அவர்கள் மூளையில் அல்சைமர் மாதிரி செல்கள் அழிவதில்லை. பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வரும் ரெட் நோயில் இது இன்னும் தெளிவு. ஆறு முதல் பதினெட்டு மாதம்வரை எல்லாம் சரியாக இருக்கும், பிறகு தலை வளர்ச்சி மெதுவாகும், பேச்சு போகும், கைகளைப் பிசைந்துகொண்டே இருப்பார்கள். காரணமான மரபணுவை 1999இல் ஹூடா சோக்பியின் ஆய்வகம் கண்டுபிடித்தது. செல்கள் சின்னதாக, கிளை குறைந்து இருக்கும், ஆனால் உயிரோடு இருக்கும். 2007இல் ஏட்ரியன் பேர்டு குழுவினர் எலிகளில் அந்த மரபணுவைத் திரும்ப இயங்கவைத்தபோது, முற்றிய அறிகுறிகள்கூடப் பின்வாங்கின. செத்த செல்லாக இருந்தால் அது நடக்காது.

ஆனால் உண்மையிலேயே சிதைவு நோய்களும் குழந்தைகளுக்கு உண்டு. வெண்பொருளை அழிக்கும் லூக்கோடிஸ்ட்ரஃபி வகைகள் ஓர் உதாரணம், இவை எம்.ஆர்.ஐ.யில் தெரியும். நடை, பார்வை, விழுங்குதல் இவையும் சேர்ந்து போனாலோ, வலிப்பு வந்தாலோ தாமதிக்காமல் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அப்புறம், "தடுப்பூசி போட்ட பிறகுதான்" என்பவர்களுக்கு: அப்படிச் சொன்ன 1998ஆம் வருஷக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. மாற்றம் எப்போது தொடங்குகிறது என்பதை ஆட்டிசம் பதிலில் சொல்லியிருக்கிறேன்.

"டவுன் சின்ட்ரோம் இருக்கிற தம்பிக்கு 44 வயசு. இப்போ மறதியும் வருது. ரெண்டு நோயா?"

இரண்டு சேலையும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற கதை இது. அமிலாய்டு உருவாகும் மூலப் புரதத்தின் மரபணு 21ஆவது குரோமோசோமில் இருக்கிறது. டவுன் சின்ட்ரோமில் அந்தக் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. பிறக்கும்போதே சிறுமூளை சற்றுச் சிறிதாக இருக்கும், அது வளர்ச்சி சார்ந்தது. வாழ்நாள் முழுக்க அமிலாய்டு கூடுதலாக உற்பத்தியாகி, நாற்பது வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருடைய மூளையிலும் படிவுகள் சேர்ந்துவிடும், அது சிதைவு. எனினும் உடனே அல்சைமர் என்று முடிவுகட்ட வேண்டாம். தைராய்டு குறைவு, காது கேளாமை, தூக்கத்தில் மூச்சுத் திணறல் மூன்றும் இவர்களுக்கு அதிகம். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"ஸ்கேன்ல ரொம்பச் சுருங்கியிருக்கு. ஆனா அப்பா இன்னும் குறுக்கெழுத்து போடறார். எப்படி?"

அளவும் திறனும் ஒரே கோட்டில் போவதில்லை. எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2,012 கிராம், ஐன்ஸ்டீனுடையது 1,230. அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரிகளை டேவிட் ஸ்நோடன் பல வருஷம் தொடர்ந்து சோதித்தார்; இறந்த பின் மூளையைத் தானம் செய்யவும் அவர்கள் சம்மதித்திருந்தார்கள். அவர்களில் சிஸ்டர் மேரி 101 வயதில் இறக்கும்வரை சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். மூளையைத் திறந்து பார்த்தால் அல்சைமர் படிவுகளும் முறுக்குகளும் ஏராளம். படிப்பு, வேலை, மனிதர்களோடு பழக்கம் இவை சேர்த்துவைக்கும் கையிருப்பு ஒன்று இருக்கிறது. சேதம் வந்தாலும் கொஞ்ச காலம் அதிலிருந்து செலவு செய்துகொள்ளலாம். தீர்ந்தால் சரிவு வேகமாகத் தெரியும் என்பதும் உண்மை.

"வல்லாரை, பாதாம், சுடோகு. இதெல்லாம் பண்ணா மூளை திரும்ப வளருமா?"

வல்லாரைத் துவையல் எனக்குப் பிடிக்கும். சுருங்கிய ஹிப்போகேம்பஸ் அதனால் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் மூளை பயன்பாட்டால் மாறும் என்பது பொய்யில்லை. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் வாங்க சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அவர்களுடைய ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000இல் எலினார் மகுவையர் காட்டினார்.

நடை இன்னும் மலிவானது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 120 முதியவர்களில் பாதிப் பேரை ஒரு வருஷம், வாரம் மூன்று நாள் வேகமாக நடக்க வைத்தார்கள். அவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் கூடியது. வெறுமனே உடம்பை நீட்டி மடக்கியவர்களுக்கு 1.4 சதவீதம் குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதே முடிவைத் தரவில்லை. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காது கேளாமை ஆகியவற்றைக் கவனிப்பதும் இதே பட்டியலில் சேரும். காது மிஷின் போட வெட்கப்படுகிறவர்கள் சுடோகு புத்தகம் வாங்குவதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை.

"புதுசா ஊசி வந்திருக்காமே, படிவையே கரைச்சிடுமாம். ஆனா அதைப் போட்டா மூளை இன்னும் சுருங்குதுன்னும் படிச்சேன்?"

இரண்டும் உண்மை. லெக்கனமாப் (2023), டொனனமாப் (2024) என்ற இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. அமிலாய்டை நன்றாகவே துடைத்தெடுக்கின்றன. லெக்கனமாப் சோதனையில் 18 மாதத்தில் சரிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது. சரிவு நிற்கவில்லை, போன நினைவு திரும்பவில்லை. ஆரம்ப நிலை நோயாளிகளுக்கு மட்டும்தான். சிலருக்கு மூளை வீக்கமும் நுண்ணிய ரத்தக்கசிவும் வருவதால் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்க வேண்டும்.

மூளையின் கன அளவு மருந்து எடுத்தவர்களிடம் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குறைந்ததும் உண்மை. படிவும் அதைச் சுற்றிய அழற்சியும் வெளியேறியதால் இடம் குறைந்தது, செல்கள் சாகவில்லை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். வாதம் முடியவில்லை. மூளை சுருங்கியிருக்கிறது என்ற ஒரே வரி வயசுக்கும் நோய்க்கும் மூளையின் முதிர்ச்சிக்கும் மருந்துக்கும் பொருந்துகிறது பாருங்கள். அதனால்தான் அந்த வரியை மட்டும் படித்துவிட்டு அழுதுகொண்டு வராதீர்கள் என்கிறேன்.

"தான் போனதும் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கணும்னு அப்பா சொல்லியிருக்கார். நடக்கிற காரியமா?"

நடக்கும். நிம்ஹான்ஸில் 1995 முதல் மனித மூளை வங்கி இயங்குகிறது. குடும்பத்தார் சம்மதம் எழுத்தில் வேண்டும். கண்தானம் மாதிரி இதற்கும் நேரம் முக்கியம்; தாமதம் ஆக ஆகத் திசு கெட்டுவிடும். அதனால் தூரம், வண்டி, யாரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் இப்போதே விசாரித்து வையுங்கள். முகம் மாறாது. தலையின் பின்பக்கமாகத் திறந்து எடுத்துத் தைத்துவிடுவார்கள், சடங்குகளுக்குத் தடையில்லை.

நோய் இருந்தால்தான் வாங்குவார்களா என்றும் கேட்கிறார்கள். இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத மூளைகளும் வேண்டும். அதுதான் குறைவாகக் கிடைக்கிறது.